குவாலியரில் ஐம்பது மாலை

அன்புள்ள ஐயா,

வணக்கம். டெல்லி, ஆக்ரா பயணத்தில் ஒரு நாள் குவாலியரில் தங்கினோம். காரிலேயே கோட்டைக்கு ஏறி மான் மந்திர் அரண்மனை, சாஸ் பகூ, தேலி கா மந்திர் கோயில்கள் எல்லாம் பார்த்தோம். சிற்பங்கள் அருமை. ஆனால் கருவறைகளில் சாமி இல்லை, விளக்கும் இல்லை. "பூஜை இல்லாத கோயில்ல எதைக் கும்பிடுறது?" என்று அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சாஸ் பகூ பெருமாள் கோயில்தான். 1093ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே நின்றபோது எனக்கும் மனம் கனத்தது.

கார் போவது மேற்கே உர்வாய் வாசல் வழியாக. பாறையில் ஐம்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சமணத் தீர்த்தங்கரரைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கு வழியில் நடந்துதான் ஏற வேண்டும். அந்தப் பாதையோரம், ஒரே பாறையில் குடைந்த சின்னஞ்சிறு சதுர்புஜர் (நான்கு கைப் பெருமாள்) கோயில் இருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்காமல் திரும்பியதில்தான் எனக்கு வருத்தம்.

அங்கே கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. பெருமாளின் நந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்தி: நீளம் 270 முழம், அகலம் 187 முழம். தினமும் 50 மாலை கட்டித் தரவேண்டும். அந்த 270இலும் 50இலும் சுழியம், இன்று நாம் எழுதுகிற மாதிரியே குட்டி வட்டமாக இருக்கிறது! உலகின் முதல் சுழியம் என்று அங்கே சொல்வார்கள், அது சரியில்லை. கம்போடியாவில் 683ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே புள்ளி வடிவில் சுழியம் உண்டு. ஆனால் பூக்கணக்கில் சுழியத்தைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. நாமும் பூவை இன்னும் முழம் போட்டுத்தானே வாங்குகிறோம்?

தினம் ஐம்பது மாலை என்றால் எத்தனை கை விடியுமுன் பூப்பறித்திருக்கும், எத்தனை விரல் நார் பிடித்திருக்கும்! அந்தக் கைகளை நினைத்துத்தான் நான் அங்கே கும்பிட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

தேலி கா மந்திரின் உச்சியையும் படத்தில் அவருக்குக் காட்டுங்கள். நம் மாமல்லபுரத்துப் பீம ரதத்தின் கூண்டுவண்டி போன்ற கூரை உடனே நினைவுக்கு வரும்.

மறுபடி போனால் மேலே காரில் போய், மான் மந்திர் பக்கமிருந்து கிழக்கு வழியே மெல்ல நடந்து இறங்குங்கள். ஏறுவதைவிட அம்மாவுக்கு மூச்சு வாங்காது; ஆனால் இறக்கம் முழங்காலுக்குப் பளுதான், நின்று நின்று இறங்கட்டும். குளிர்காலக் காலை வேளையாகப் பார்த்துப் போங்கள்.

அன்புடன்