புக்கிட் தீமா செம்மண்ணும் திண்டுக்கல் செம்மண்ணும் ஒரே வகையா?

கேள்வி: சிங்கப்பூரில் புக்கிட் தீமா பக்கம் பார்க்கும் செம்மண், திண்டுக்கல்லில் எங்கள் தாத்தா நிலத்துச் செம்மண் மாதிரியே இருக்கிறது. இரண்டும் ஒரே வகைதானா? சோதனைக்கூடத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்களா?

ஒரே வகை இல்லை. சோதனைக்கூடத்தில் மட்டும் கொடுத்தால் சொல்லிவிடுவார்களா என்றால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன். இங்கே ஒரு மண் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் பையில் வரும் ஒரு கிலோ மண்ணுக்கு எண்கள் கொடுக்கலாமே தவிர, அந்த எண்களை மட்டும் வைத்து இது இன்ன வகை மண் என்று பெயர் வைக்க முடியாது. அந்த மண் எந்த மழையில் நனைந்தது, மேட்டில் கிடந்ததா பள்ளத்தில் கிடந்ததா, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

முதலில் நிறத்தை ஒதுக்கிவிடுவோம். சிவப்பு வருவது ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடால். மண்ணில் அது சில சதவீதம் இருந்தாலே போதும், மொத்தமும் சிவந்துவிடும். காற்றோட்டமும் வடிகாலும் நன்றாக இருக்கிற இடம் என்று நிறம் சொல்லும். வளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பாறையும் பெரிய வித்தியாசத்தைக் காட்டாது. புக்கிட் தீமாவுக்கு அடியில் இருப்பது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதுள்ள கிரானைட். திண்டுக்கல் பக்கம் அதைவிட மிகப் பழமையான நைஸ், சார்னோக்கைட் பாறைகள். இரண்டு இடத்திலும் ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களியாகிறது, குவார்ட்ஸ் சிதையாமல் பருமணலாக மிஞ்சுகிறது. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: பாறை பழையது திண்டுக்கல்லில், ஆனால் மண் அதிகமாகக் கழுவப்பட்டிருப்பது சிங்கப்பூரில். காரணம் மழை.

சாங்கி வானிலை நிலையத்தின் நீண்டகால சராசரி ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்குச் சற்று மேல். டிசம்பரில் 300 மி.மீ. தாண்டும். மிகக் காய்ந்த மாதமான பிப்ரவரியிலும் சராசரியாக 100 மி.மீ. கிடைத்துவிடும். திண்டுக்கல்லில் ஆண்டு முழுவதற்குமே 800, 900 மி.மீ. சுற்றித்தான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிட்டுப் போய்விடும், மீதி மாதங்களில் வெயில் அந்த ஈரத்தை மேலே உறிஞ்சிவிடும். அதனால்தான் அங்கே கிணறு வெட்டும்போது சுக்கான்கல் தட்டுப்படுகிறது. கீழே இறங்கிய சுண்ணாம்பு முழுதாக வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. இங்கே கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்ச் சேர்ந்து காலம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது இரும்பும் அலுமினியமும்தான்.

அமெரிக்க மண் வகைப்பாட்டில் காலநிலை வெறும் பின்னணித் தகவல் இல்லை, பெயரிலேயே உட்காரும். மண்ணின் வேர்ப்பகுதி சாதாரண ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் காயாமல் இருந்தால் அந்த ஈர நிலைக்கு யூடிக் என்று பெயர். சிங்கப்பூருக்கு இது பொருந்தும். 2014இல் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை ஏறத்தாழ நான்கு வாரம் மழையே இல்லாமல் புல்வெளி எல்லாம் பழுப்பானது இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அதுவே இந்த ஊருக்குப் பெரிய வறட்சி, ஆனால் 90 நாள் கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. திண்டுக்கல் மண் அஸ்டிக், அதாவது பயிருக்கு ஈரம் கிடைக்கிற காலம் உண்டு, நீண்ட வறண்ட காலமும் உண்டு. வெப்பநிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே ஆண்டு முழுவதும் ஒரே சூடு, மிகச் சூடான மாதத்துக்கும் குளிர்ந்த மாதத்துக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம்தான். இதை ஐசோஹைப்பர்தெர்மிக் என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

இப்போது சோதனைக்கூடம். வகைப்பாட்டைத் தீர்மானிக்கிற எண் பெரும்பாலும் ஒன்றுதான்: கார நிறைவு விகிதம். களித் துகள்களின் மேல் எதிர்மின் இடங்கள் இருக்கும். அவற்றைப் பேருந்து இருக்கைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இருக்கை என்பது அயனிப் பரிமாற்றத் திறன். அதில் எத்தனை பேர் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் என்பது கார நிறைவு. மற்ற இருக்கைகளில் அலுமினியமும் ஹைட்ரஜனும் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து இறங்கிய களி சேர்ந்த அடுக்கு தொடங்கும் இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் கீழே, அல்லது தரையிலிருந்து 180 சென்டிமீட்டர் ஆழத்தில், இந்த விகிதம் 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அல்ட்டிசால், அதற்கு மேல் இருந்தால் ஆல்ஃபிசால். புக்கிட் தீமா கிரானைட் மண் முதல் வகை. தமிழ்நாட்டுச் செம்மண்களில் பல இரண்டாவது வகை. நன்றாக அடுக்கு உருவாகாத இளமண்களும் அங்கே நிறைய உண்டு, தாத்தா நிலம் எதில் சேரும் என்று நேரில் தோண்டாமல் சத்தியம் செய்ய மாட்டேன்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இருக்கைகளை எண்ணுவதில்தான் தகராறு. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், புரிவதற்காக நானே வைத்த எண்கள். ஒரு கிலோ மண்ணில் நான்கு கார அயனிகளும் சேர்த்து 0.6 சென்டிமோல் (இருக்கைகளை எண்ணும் அலகு). பொட்டாசியம் குளோரைடில் பிரித்த அலுமினியம் 1.9. மண் தன் சொந்த நிலையில் வைத்திருக்கும் இருக்கைகள் இவ்வளவே, மொத்தம் 2.5. ஆகக் கார நிறைவு 24 சதவீதம். இதே மண்ணை பிஎச் 7இல் அம்மோனியம் அசிடேட் கரைசல் வைத்து அளந்தால் பரிமாற்றத் திறன் 6 வருகிறது என்று வையுங்கள், அப்போது நிறைவு 10 சதவீதம். பிஎச் 8.2இல் அமிலத்தன்மை 9.4 வந்தால், அதோடு காரங்களைக் கூட்டி மொத்தம் 10, நிறைவு 6 சதவீதம். ஒரே மண்ணுக்கு மூன்று விடை! மூன்றும் சரி. இரும்பு, அலுமினிய ஆக்சைடு மிகுந்த மண்ணிலும் கயோலினைட் களியிலும் கரைசலின் பிஎச் ஏற ஏற இருக்கைகள் கூடும். மண்ணின் சொந்த பிஎச் 4.5. நாம் அதைப் பணிமனைக்குக் கொண்டுபோய் 8.2க்கு ஏற்றி, கூடுதல் இருக்கை போட்டுவிட்டு, பேருந்து காலியாக ஓடுகிறது என்று எழுதுகிறோம். வகைப்பாட்டின் 35 சதவீத விதி பிஎச் 8.2 முறைக்கானது. செடிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் எனக்கு முதல் கணக்குதான் நியாயமாகப் படுகிறது. அதில் 76 சதவீத இருக்கையில் அலுமினியம் உட்கார்ந்திருப்பதும் பளிச்சென்று தெரிந்துவிடும், வேர் நுனியைக் கருக்குவது அதுதான். எனவே அறிக்கையில் எண்ணைப் பார்க்கும் முன் எந்த முறை என்று பாருங்கள். முறை எழுதாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

களி அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் குலுக்கி, துகள்கள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன என்று நம்பி, அவை படியும் வேகத்தை வைத்து அளக்கிறோம். இந்தச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு களியைச் சின்னச் சின்ன உருண்டைகளாக ஒட்டி வைத்திருக்கும். அவை குலுக்கலுக்கு மசியாமல் மணல், வண்டல் கணக்கில் போய்ச் சேரும். அறிக்கையில் 20 சதவீதம் களி என்றிருக்கும், கையில் பிசைந்தால் களி மிகுந்த மண் போல நாடாவாக நீளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாடல் நிலை ஈரத்தை, அதாவது 1,500 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் மண்ணில் தங்கும் தண்ணீரின் சதவீதத்தை, களி சதவீதத்தால் வகுக்க வேண்டும். விடை 0.6ஐத் தாண்டினால் களி முழுதாகப் பிரியவில்லை என்று சந்தேகப்படலாம். என் அனுபவத்தில் விரல்கள் இயந்திரத்தை விட முன்னதாகவே இதைச் சொல்லிவிடும்.

சரி, நிலத்துக்கு வருவோம். மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏதாவது ஒரு சரிவில் மேலிருந்து கீழே நடந்தால் மண் மாறிக்கொண்டே வரும். மேட்டில் ஆழமான சிவப்பு. சரிவின் அடியில், ஈரம் கூடக்கூட ஹெமடைட் குறைந்து கோதைட் என்ற இன்னொரு இரும்புக் கனிமம் மிஞ்ச, மஞ்சள். பள்ளத்தில் தண்ணீர் தேங்கிச் சாம்பல் நிறம், நடுவே துருப்பிடித்த புள்ளிகள். பாறை ஒன்றே, மழை ஒன்றே, ஆனால் நின்ற இடம் வேறு. இப்படிச் சரிவு நெடுகத் தொடராக மாறும் மண்களைக் கட்டீனா என்பார்கள். 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மில்ன் என்ற மண்ணியலாளர் வைத்த பெயர். கடலுக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், மேட்டுச் சிவப்புக்கு ரெங்கம் தொடர் என்று பெயர், ஜோகூரில் இருக்கும் ரெங்கம் ஊரை வைத்து.

இன்னொன்றும் நிலத்தைப் பார்த்தால்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காட்டை அழித்து காம்பிர் (தோல் பதனிடப் பயன்படும் சாறு தரும் செடி), மிளகுத் தோட்டம் போட்டார்கள். காம்பிர் இலையைக் காய்ச்ச விறகுக்காக மேலும் காடு போனது. 15, 20 ஆண்டில் மண் சோர்ந்ததும் தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த இடம், பிறகு ஜோகூர். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல். புக்கிட் தீமா காட்டை 1883இல் ஒதுக்கி வைத்ததால் அங்கே பழைய மண் ஓரளவு தப்பித்தது. மற்ற இடங்களில் மேல்மண் அரித்துப் போய் அடிமண்ணே இன்று தரையாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் மேல் அடுக்கைவிடக் கீழ் அடுக்கில் களி கூடியிருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது, கூடியிருந்த அடுக்குதான் இப்போது மேலே இருக்கிறது. அப்போது உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு மண்கட்டியின் மேல் பளபளக்கும் களிப் படலம் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இவை எல்லாம் இயற்கை மண்ணுக்கு. சிங்கப்பூரில் பெரிய ஆபத்து நிரப்பு மண்தான். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கடலைத் தூர்த்தது. 1960களில் ஈஸ்ட் கோஸ்ட்டைத் தூர்க்க பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளையே வெட்டினார்கள். குன்று இருந்த இடம் சமம், கடல் இருந்த இடம் செம்மண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளைச் சுற்றி இருக்கும் மண்ணும் பெரும்பாலும் லாரியில் வந்தது. அதில் எடுத்த மாதிரி சோதனைக்கூடத்துக்கு வந்தால் என்ன ஆகும் தெரியுமா? பிஎச் 7.8, கால்சியம் ஏராளம், கார நிறைவு கிட்டத்தட்ட முழுமை. எண்களை மட்டும் பார்ப்பவர் நல்ல ஆல்ஃபிசால், திண்டுக்கல் மண் மாதிரி இருக்கிறதே என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்தச் சுண்ணாம்பு கட்டடம் கட்டியபோது கலந்த சிமெண்டுத் துணுக்குகளிலிருந்து வந்தது. குழியை நேரில் பார்த்தால் ஒரு நிமிட வேலை: செங்கல் துண்டு, நெகிழிப் பை, கத்தியால் வெட்டியது போன்ற அடுக்கு எல்லை, ஆழம் கூடக்கூட ஒழுங்கே இல்லாமல் மாறும் நிறம். இங்கே மழை 2,100 மி.மீ. என்று தெரிந்தவருக்கும் சந்தேகம் வரும், இவ்வளவு கால்சியம் கழுவப்படாமல் எப்படித் தங்கியது என்று.

மாதிரி எடுக்கப் போகிறீர்கள் என்றால், இயற்கை வனப்பகுதிகளில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்காதீர்கள். பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை. புயல்காற்றில் வேரோடு சாய்ந்த மரத்தின் குழி, நடைபாதை ஓரத்து வெட்டுச் சரிவு, புலாவ் உபின் பழைய குவாரிகளின் மேல்விளிம்பு எல்லாம் இலவசமாக மண்ணின் குறுக்குவெட்டைக் காட்டும். தாத்தா நிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஊருக்குப் போகும்போது கிணற்று ஓரத்தில் 2 மீட்டர் ஆழம் வரை பாருங்கள், அரை மீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து அங்கேயே சோதனைக்குக் கொடுங்கள். இங்கே மண்ணைக் கொண்டுவர நினைக்காதீர்கள், அனுமதி இல்லாமல் சுங்கத்தில் விட மாட்டார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காவிட்டாலும் எப்படியும் கேட்கப் போவது: புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலை ஏன் மஞ்சளாகவே இருக்கிறது? செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமா என்று ஆன்ட்டிகள் கேட்பார்கள். இரும்பு இருக்கிறது, சிமெண்டுச் சுண்ணாம்பால் பிஎச் ஏறிவிட்டதால் கரையவில்லை, வேரால் எடுக்க முடியவில்லை. காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது புக்கிட் தீமா மண்ணும் இல்லை, அதற்கு மேலும் சுண்ணாம்பு போடவும் கூடாது. தொட்டிக்கு மாற்றிவிட்டு நிறைய மட்கு சேர்த்து வளர்ப்பதுதான் சுலபம்.