கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியைத் தினவாடகைக்கு விட்டால் யார் வந்து சோதிப்பார்கள்?

கிருஷ்ணகிரியில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை நான்கு ஆண்டுகளாகத் தினவாடகைக்கு விட்டுவருகிறேன். மாடியை இப்படி விட நினைக்கும் நீங்கள், என்ன விதிகள், எத்தகைய சோதனைகள் என்று கேட்டிருப்பதால், பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அதே வீட்டில் நீங்களும் குடியிருப்பீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர, உரிமையாளரோ குடும்பத்தாரோ அங்கேயே வசிக்க வேண்டும். ஆறு அறைகளுக்கு மேல் விட முடியாது. ஆளில்லாத வீட்டை முழுவதுமாக நாள்கணக்கில் விடுபவர், பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் லாட்ஜ் நடத்துபவர்தான். அப்போது மின் இணைப்பை வணிகப் பிரிவுக்கு மாற்ற நேரும், வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் போய்விடும். வீட்டு இணைப்பிலேயே ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கணக்கெடுக்க வருபவருக்கு வாசலில் நிற்கும் வெளியூர் வண்டிகளே போதும்.

என் அனுபவத்தில், சோதனை என்றால் அது பெரும்பாலும் போலீஸ் சோதனைதான். சென்னை, சேலம், பெங்களூரு சாலைகள் கூடும் ஊர் என்பதால், சுதந்திர தினத்தை ஒட்டிய இரவுகளில் கட்டாயம் வருவார்கள். ஒருமுறை வந்த உதவி ஆய்வாளர் அறைகளைப் பார்க்கவே இல்லை. தங்குபவர்களின் விவரம் எழுதும் லாங் சைஸ் நோட்டை வாங்கி, பெயர், முகவரி, வண்டி எண், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார் என ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், காலி செய்த நேரம் எழுதாமல் விட்டிருந்த ஒரு வரியில் நிறுத்தினார். அந்த ஆள் காலையிலேயே கிளம்பிவிட்டார் என்று சொன்னேன். “நோட்டுப்படி அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்” என்றார். பிறகுதான் அறையைத் திறக்கச் சொன்னார். அன்று முதல் நோட்டோடு ஒரு பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.

தங்குபவர் ஒவ்வொருவரின் அடையாளச் சான்றையும் கேளுங்கள், பதிவு செய்தவருடையது மட்டும் போதாது. ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலே போதுமானது. பெங்களூரு பக்கம் என்பதால் வெளிநாட்டவரும் வருவதுண்டு. அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள், அவர்கள் தங்குவது பற்றிய, நாங்கள் இன்னமும் ‘சி ஃபார்ம்’ என்றே சொல்லும் தகவலை இணையத்தில் பதிய வேண்டும். இதில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

காலைச் சிற்றுண்டி கொடுத்துக் காசு வாங்குவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறிய அளவில் செய்பவருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான்.

எந்த விதியிலும் இல்லாத இன்னொரு சோதனை அக்கம்பக்கத்தார். என் மீது போன ஒரே புகார், நள்ளிரவில் வந்த கார் எதிர்வீட்டு வாசலை மறித்து நின்றதற்காகத்தான். இப்போது பத்து மணிக்கு மேல் வருவதாக யாராவது சொன்னால், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் முதலில் பேசிக்கொள்கிறேன்.