டெஸ்ட் லேப் வேலை: பினாங்கு பிறையிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மகனை வேலைக்கு விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த தம்பி, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெஸ்ட் டெக்னீஷியன், அதாவது பொருள்களைச் சோதிக்கும் வேலைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "நல்ல போனைக் கீழே போட்டு உடைக்கவா பிள்ளையைப் படிக்க வைத்தோம்?" என்று அவன் அப்பா சத்தம் போடுகிறார். கோபம் இருக்கட்டும், முதலில் அது எந்த டெஸ்ட் வேலை என்று கேளுங்கள்.

விளம்பரத்தில் ஒரே மாதிரி போட்டிருந்தாலும் வேலை இரண்டு வகை. உற்பத்தி வரிசையில் ஒவ்வொரு சிப்பையும் மெஷினே சோதித்துப் பிரித்துவிடும். ட்ரே மாற்றுவதும், மெஷின் நின்றால் ஓட வைப்பதும்தான் பெரும்பாலும் ஆளின் பாடு. ரிலையபிலிட்டி லேப், அதாவது பொருள் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்கும் சோதனைக்கூடம், வேறு. அங்கே சில மாதிரிகளை எடுத்து வேண்டுமென்றே வதைப்பார்கள். 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம், ஏறக்குறைய ஆறு வாரம், அடைத்து வைப்பது வழக்கமான ஒரு சோதனை. சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளேயிருக்கும் உலோகம் சீக்கிரம் அரிக்கும். பல வருஷம் கழித்து வரக்கூடிய கோளாறு இப்போதே தலைகாட்டிவிடும்.

எல்லாச் சோதனையும் இவ்வளவு நீளமில்லை. மருத்துவக் கையுறையைக் குழாயில் மாட்டி, 1000 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். உடனே ஒரு தரம் பார்க்க வேண்டும், இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும். விரலிடுக்கில் ஒரு சொட்டு அரும்பினாலும் கணக்கில் எழுத வேண்டும். அசந்து விட்டுவிட்டால், கழிக்க வேண்டிய லாட் (ஒரே தொகுதியாகச் செய்த சரக்கு) ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

போனைக் கீழே போடுவதும் இப்படித்தான். போட ஒரு நொடி போதும். எந்த மூலை இடித்தது, எத்தனையாவது தடவையில் விரிசல் விட்டது என்று பார்த்து எழுதுவதற்குத்தான் சம்பளம். சரக்கு கிளம்பும் நாளில் 'ஃபெயில்' என்று எழுதினால் புரொடக்‌ஷன்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதற்கு மசியாத பிள்ளையா உங்கள் பிள்ளை? அதை என்னைவிட நீங்கள்தான் சொல்ல முடியும்.

லேப் வேலைதான் என்றால் தாராளமாகப் போகட்டும். இன்டர்வியூவில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: நைட் ஷிப்ட் உண்டா, கெட்டுப்போன மாதிரியை அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லும் பிரிவில் பழக விடுவார்களா. மாதிரிகளைச் சூட்டிலும் ஈரத்திலும் அடைத்து வைக்கும் சேம்பர்கள் ராத்திரியும் ஓடும், அதனால் ஷிப்டுக்கு வீட்டில் தயாராக இருங்கள்.

ஆனால் எஸ்.பி.எம்.மோடு நின்றால் சாமான் ஏற்றி இறக்குவதிலேயே காலம் போய்விடும். பெர்மாத்தாங் பாவ் பாலிடெக்னிக் உங்களுக்குப் பக்கம்தான். மின்னியல், இயந்திரவியல் இரண்டிலும் டிப்ளோமா உண்டு. வேலையை விடாமல் கற்க, 1989-லிருந்து இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தில் குறுகிய பயிற்சிகளைப் பாருங்கள். பௌதிகத்தில் ஆர்வம் இருந்தால், நிபோங் திபாலில் உள்ள யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்தில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் வரை போகலாம். ஒரு பொருள் ஏன் உடைந்தது என்று எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்பவர்களில் பலர் அந்தப் படிப்புக்காரர்கள்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் யூபியூ விண்ணப்பத்தை, அதாவது அரசாங்க உயர்கல்வி நிலையங்களில் இடம் கேட்கும் விண்ணப்பத்தை, போட்டு வையுங்கள். கடைசித் தேதி எப்போது என்று இன்றைக்கே தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.