எந்த பெல்லட், எத்தனை கிளிக், எவ்வளவு காற்று? பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் கேள்வி-பதில்

பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பெல்லட் டின்னில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது? விலை கூடிய டின் வாங்கினால் ஸ்கோர் ஏறுமா சார்? (ஈரோடு)

அந்த எண் பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) தலையின் விட்டம், மில்லிமீட்டரில். தலை பேரலின் (துப்பாக்கிக் குழல்) உட்சுவரில் இருக்கும் சுருள் வரிகளைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகிறது. பாவாடைபோல் விரிந்த பின்பக்கம் காற்றை அடைக்கிறது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைஃபிள்கள் இரண்டுக்கு வெவ்வேறு அளவு பொருந்துவது சாதாரணம். பக்கத்து லேன்காரர் “எனக்கு 4.49தான் நன்றாகப் போகிறது” என்றால், அது அவருடைய பேரலுக்கு மட்டும் பொருந்தும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ரைஃபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இடுக்கி) இறுக்கி ஒவ்வொரு அளவிலும் 10 குண்டு ஒரே இடத்தில் சுட வேண்டும். பெல்லட்டை மாற்றியதும் முதல் ஐந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பெல்லட்டின் ஈயப்பூச்சு பேரலில் இருக்கும். ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதில் 4.5ஐக் கழித்தால் குண்டுகளின் மையங்கள் எவ்வளவு சிதறின என்று தெரியும்.

ஆனால் இதற்கெல்லாம் இப்போது அவசரமில்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள். இலக்கு அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் தருவது 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட் அதைத் தொட்டாலே 10.0, அதாவது குண்டின் மையம் 2.5 மி.மீ. வரை விலகலாம். அங்கிருந்து உள்ளே ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் ஒரு தசமம் ஏறி 10.9இல் முடிகிறது. பொருந்தாத ஒரு பெல்லட் வைஸில் 7 மி.மீ. ஓட்டை போடுகிறது என்று வையுங்கள். சிதறல் 2.5 மி.மீ., நடுவிலிருந்து ஒரு பக்கம் 1.25. அதாவது அந்த பெல்லட்டின் மோசமான குண்டுகூட 10.5. உங்கள் சராசரி 9.5 என்றால் குண்டு சுமார் 3.75 மி.மீ. தள்ளிப் போகிறது. அதில் பெரும்பங்கு நிற்பதிலும் ட்ரிக்கரிலும் இருந்து வருகிறது, டின்னிலிருந்து அல்ல. 4.50, 0.53 கிராம், தட்டைத்தலை மேட்ச் பெல்லட் ஒன்றை எடுத்து மாற்றாமல் சுடுங்கள். சராசரி 10.2ஐத் தாண்டிய பிறகு வைஸ் பக்கம் போகலாம்.

எந்த நிலையிலும் தவிர்க்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு பெல்லட்டை மெல்லிய துணியில் கொட்டி, பாவாடை விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தால் அழுத்தியதுபோல் நெளிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். காற்று ஒரு பக்கமாகக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும். டின்னைக் குலுக்குவதாலும் கீழே போடுவதாலும்தான் பெரும்பாலான நெளிவுகள் வருகின்றன.

சைட்டைத் திருப்பினால் குண்டு எதிர்ப்பக்கம் போகிறது. சைட்டில் கோளாறா? (திருச்சி)

பெரும்பாலும் இல்லை. சைட் என்பது குறிபார்க்கும் கருவி; அதன் திருகு ஒவ்வொரு படி திரும்பும்போதும் கேட்கும் ‘டிக்’தான் கிளிக். ஜெர்மன் சைட்களில் இருக்கும் எழுத்துகள் ‘குண்டு இந்தப் பக்கம் விழுந்தால் இப்படித் திருப்பு’ என்ற பொருளில் போடப்படுவது வழக்கம். ‘இந்தப் பக்கம் நகர்த்து’ என்று படித்தால் தவறு இரட்டிப்பாகும். எழுத்தை நம்பாமல் சோதித்துவிடுங்கள். ஐந்து குண்டு சுடுங்கள், ஒரே திசையில் 10 கிளிக் வையுங்கள், மறுபடி ஐந்து. இரண்டு கூட்டங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு கிளிக்கின் மதிப்பு வரும். அதை ஒரு சீட்டில் எழுதி ரைஃபிள் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்து ஒருபோதும் கிளிக் வைக்காதீர்கள்.

முன் சைட்டில் சின்ன ரிங் போட்டால் குறி துல்லியமாகுமா? (நாகர்கோவில்)

தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறு இது. ரிங் என்பது பேரல் முனையில் இருக்கும் வளையம்; அதற்குள் அட்டையின் கறுப்பு வட்டத்தை வைத்துத்தான் குறிபார்க்கிறோம். அட்டையின் கறுப்பு 30.5 மி.மீ.; ரிங் அதை ஒட்டி இறுக்கமாக இருந்தால், துப்பாக்கியின் இயல்பான ஆட்டத்தில் கறுப்பும் ரிங்கும் உரசிக்கொண்டே இருக்கும். கண் அதைச் சரிசெய்யக் காத்திருக்கும், விரல் தயங்கும், பிறகு ட்ரிக்கரைப் பறிப்பீர்கள். சுற்றிலும் தாராளமாக வெள்ளை வளையம் தெரிய வேண்டும். 4.0 மி.மீ. ரிங்கில் தொடங்குங்கள், ஆட்டம் அதிகமென்றால் 4.2.

சிலிண்டரில் காற்று நிரப்பும்போது என்ன கவனிக்க வேண்டும்? (சென்னை)

முதலில் உயிர் சம்பந்தப்பட்டது. சுத்தமான, ஈரம் நீக்கிய காற்று மட்டுமே. ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உயர் அழுத்த ஆக்ஸிஜனோடு துளி எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் வெடிக்கும். அதே காரணத்தால் வால்வு, ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) எதிலும் தையல் மெஷின் எண்ணெய் கூடாது. சிலிகோன் கிரீஸ் மெல்லிதாகப் போதும்.

சிலிண்டரில் குறித்திருக்கும் அழுத்தத்தை (பெரும்பாலும் 200 பார்) தாண்டாதீர்கள். வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாக ஏற்றினால் சூடாகி 200 காட்டும், ஆறியதும் முள் இறங்கிவிடும். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. அது தேதிக்குள் இருப்பது சுடுபவரின் பொறுப்பு என்பது சர்வதேச விதி. பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் விலை பேசும் முன் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

உரிமம் வேண்டுமா? (சேலம்)

2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு வேண்டாம். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 7.7 ஜூல்தான். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பயணத்தில் ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டில் ஏழு மீட்டர்தான் இருக்கிறது. பயிற்சி செய்யலாமா? (மதுரை)

தாராளமாக, குண்டில்லாமல். வெள்ளைத் தாளில் 21.4 மி.மீ. கறுப்பு வட்டம் அச்சிட்டு ஒட்டினால் ஏழு மீட்டரில் அதே அளவில் தெரியும். மேட்ச் ரைஃபிளில் (போட்டிக்கென்றே செய்தது) டிரை ஃபயர் நெம்புகோல், அதாவது குண்டும் காற்றும் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் பழக உதவுவது, இருக்கும். அதைப் போட்டு, பேரலுக்குள் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு தினமும் 30 முறை. ட்ரிக்கர் விழுந்த பிறகும் இரண்டு வினாடி குறியிலேயே இருங்கள். நிஜமாகச் சுடும்போது குண்டு பேரலை விட்டுப் போகும் முன் துப்பாக்கியைத் தளர்த்துவதுதான் பல ஒன்பதுகளுக்குக் காரணம். பேரலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். பெல்லட் தரும் எதிரழுத்தம் இல்லாமல் பிஸ்டன் முட்டி, சீல் கெட்டுவிடும்.

மகளுக்கு 12 வயது. ஈய பெல்லட்டால் பாதிப்பு உண்டா? (கோவை)

பழக்கம் சரியாக இருந்தால் பயமில்லை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நடுவில் பிஸ்கட்கூட வேண்டாம். பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். பெல்லட் ட்ராப்பை (அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் பெட்டி) சுத்தம் செய்வது பெரியவர் வேலை: துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தூசி எழக் கூடாது. வெள்ளைப் பொடி பூத்த பழைய பெல்லட்டைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.