பேச்சு தாமதமாகும் பிள்ளையை அமெரிக்காவில் கவுண்டி பள்ளியில் சேர்க்கலாமா?

மேரிலாந்துக்கு மாறிப் போகிறோம், மாண்ட்கோமரி கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அரசுப் பள்ளியா தனியாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பையனுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை என்று கடைசி வரியில் போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி நான் இங்கே வாசிப்பதோடு சரி.

என் மகனையும் நாலு வயதில் தனியாரில்தான் சேர்த்தோம். மூன்றாவது மாதமே கூப்பிட்டு, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். போகிற போக்கில், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று ஓர் அறிவுரை வேறு. நானும் முட்டாள்தனமாக அதைக் கேட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, பேரனுக்குச் சோறு ஊட்டும்போதுகூட "ஈட், ஈட்" என்பார்.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் கவுண்டி பள்ளிக்கு, அதாவது அரசுப் பள்ளிக்குப் போனேன். 1975-இல் வந்து பிறகு விரிந்த ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளையை 3 வயதிலிருந்தே அரசுப் பள்ளி தட்டிக்கழிக்க முடியாது. என்ன உதவி தேவை என்று பார்க்கும் சோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். தனியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஐஇபி என்றால் அந்தப் பிள்ளைக்கென்றே போடும் கல்வித் திட்டம். அதற்கான கூட்டத்தில் மேஜையைச் சுற்றி ஐந்து பேர், போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். எனக்கு ஆங்கிலம் தெரியும்தான். படிவத்தில் கேட்டார்கள், சும்மா டிக் அடித்திருந்தேன். குறைகளை அடுக்கப்போகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தால், அவனுக்கு என்னென்ன நன்றாக வருகிறது என்றுதான் ஆரம்பித்தார்கள். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. "பிள்ளை நல்ல கெட்டிக்காரன் எண்டு சொல்லினம், அம்மா" என்றார். தமிழை நிறுத்தவே கூடாது என்று பேச்சுப் பயிற்சியாளர் அடித்துச் சொன்னார். அன்று ராத்திரி என் அம்மா அவனைத் தூங்கவிடாமல் நரிக்கதை சொன்னார்.

எல்லாருக்கும் இப்படி அமையாது என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: தெரியும். இந்தக் கவுண்டியில் 200-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள், ஒன்றரை லட்சம் பிள்ளைகள். எல்லாம் ஒரே மாதிரியா இருக்கும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வீடு தேடும்போது பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் வரும். நம் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு படுத்தும் பாடு இருக்கிறதே! அந்த எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்து வருவது. அங்கே பேச்சுப் பயிற்சியாளர் எப்படி என்று அது சொல்லாது. என் கணவரின் அண்ணன் ஒன்பது வாங்கிய பள்ளிக்காகவே கடனில் வீடு வாங்கினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் பள்ளியின் எண்ணைக் கேட்பார். இத்தனைக்கும் அவர் படித்தது அறந்தாங்கி அரசுப் பள்ளியில். என் மகன் இப்போது ஏழாவது. மேரிலாந்தில் பள்ளி முடிக்க 75 மணி நேரச் சமூகச் சேவை கட்டாயம் என்பதால், சனிக்கிழமை நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறான். அதை ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

சரி, உங்கள் விஷயம். சோதனை வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு. சோதனைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, அதை முடிக்க அவர்களுக்குக் கெடு ஓட ஆரம்பிக்கும்.