குதிகால் வலிக்கு மெத்தென்ற காலணி மருந்தாகுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். இணைப்பாட நடவடிக்கைக்குக் கூடைப்பந்து எடுத்திருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் பள்ளியில் பயிற்சி. மற்ற நாள்களில் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் நண்பர்களோடு ஆட்டம். இரண்டு மாதமாக, ஆடிவிட்டு வந்தால் இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்று நொண்டுகிறான். மறுநாள் ஓய்வெடுத்தால் குறைகிறது. கடையில் விசாரித்தபோது, "நல்ல குஷன் உள்ளதாக வாங்குங்கள்" என்று 200 வெள்ளிக்கு மேல் ஒரு காலணியைக் கொடுத்தார்கள். வலி குறையவில்லை. "இதை வளைக்கவே முடியலம்மா" என்கிறான் மகன். கணுக்காலை மூடுகிற 'ஹை கட்' காலணிதான் பாதுகாப்பு என்கிறார் என் அண்ணன். எதைத்தான் வாங்குவது டாக்டர்? விளையாட்டையே நிறுத்திவிட வேண்டுமா?
– ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: காலணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு முன் குதிகாலைப் பார்த்துவிடுவோம். வலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கடைக்குப் போனால் இன்னொரு 200 வெள்ளி போகும், வலி போகாது.

வளர்கிற பையன், இரண்டு குதிகாலிலும் வலி, ஆடினால் கூடுகிறது, ஓய்ந்தால் குறைகிறது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாதுதான். ஆனாலும் இப்படி ஒரு பிள்ளை வந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது 'சீவர்ஸ்' என்கிற குதிகால் வளர்ச்சித் தட்டு அழற்சியைத்தான். குதிகால் எலும்பின் பின்பக்கத்தில், இன்னும் முழுதாக எலும்பாக மாறாத குருத்தெலும்பு இருக்கும். கெண்டைக்கால் தசை தன் தடித்த நாரைக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த இடத்தில்தான். ஓடும்போதும் எம்பும்போதும் தசை அதைப் பிடித்து மேலே இழுக்கிறது. இறங்கும்போது தரை கீழிருந்து அடிக்கிறது. வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் கெண்டைக்கால் இறுகி நிற்பதால் இழுப்பு இன்னும் கூடும். ஏறக்குறைய 8 வயதிலிருந்து 14, 15 வயதுக்குள் வரும் தொல்லை இது. வளர்ச்சித் தட்டு எலும்போடு சேர்ந்துவிட்டால் அதன் பிறகு வராது. "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அவன் குதிகாலின் பின்பகுதியை இரு பக்கமும் விரல்களால் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். "அங்கேதான்" என்று காலை இழுத்துக்கொண்டால், பெரும்பாலும் இதுதான்.

ஆக, வலிக்குக் காரணம் இரண்டு: தரையின் அடி, தசையின் இழுப்பு. குஷன் முதலாவதைத்தான் தொடுகிறது. காலணி எங்கே வளைகிறது, எவ்வளவு வளைகிறது என்பது இரண்டாவதைத் தொடுகிறது. விலை கூடிய காலணி வாங்கியும் வலி அப்படியே இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

முதலில் குஷனைப் பார்ப்போம். கூடைப்பந்தில் எம்பிக் குதித்து இறங்கும்போது கால் தாங்குவது உடல் எடையைப் போலப் பல மடங்கு. அந்த அடியை ஒரே நொடிப்பொழுதில் வாங்காமல் சற்று நேரம் பரப்பி வாங்க வைப்பதுதான் காலணியின் நடு அடுக்கின் வேலை. பெரும்பாலும் அது ஈ.வி.ஏ. என்கிற நுரைப்பொருளாக இருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் திடல்களில் இருக்கும் காங்கிரீட் தரை, பள்ளி மண்டபத்தின் மரத்தரை போல அமுங்கிக் கொடுக்காது. அதனால் ஓரளவு குஷன் தேவைதான். ஆனால் மெத்து கூடக் கூட நன்மையும் கூடும் என்ற கணக்கு சரிவராது. பாதத்துக்குத் தரையை உணர வேண்டும். அடியில் இருப்பது கொழகொழவென்று இருந்தால் உடல் நிலைத்து நிற்க ஒரு பிடிமானம் தேடி, முட்டியைக் குறைவாக மடக்கி இன்னும் பலமாகக் காலை ஊன்றும். அதிர்ச்சியை வாங்குவதில் எந்த நுரையையும்விடப் பெரிய வேலை செய்வது மடங்கும் முட்டியும் இடுப்பும்தான்.

பக்கவாட்டு அசைவும் இருக்கிறது. ஓட்டக்காரர் முன்னால் மட்டும் போகிறார். கூடைப்பந்து ஆடுபவர் இடமும் வலமும் வெட்டித் திரும்புகிறார். உயரமான, மென்மையான அடியின் மேல் நின்று அப்படித் திரும்பினால் குதிகால் ஓரமாகச் சரியும். 2001இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 10,000க்கு மேற்பட்ட கூடைப்பந்து ஆட்டப் பங்கேற்புகளைக் (ஒருவர் ஒருமுறை ஆட இறங்கினால் ஒன்று) கவனித்தது. குதிகாலில் காற்றறை வைத்த காலணி அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் ஏற்படும் வாய்ப்பு 4 மடங்குக்கு மேல் இருந்தது. காற்றறைதான் காரணம் என்று அந்த ஓர் ஆய்வை வைத்து மட்டும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மெத்தென்றால் பத்திரம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் ஓட்டக் காலணியைப் போட்டுக்கொண்டு கூடைப்பந்து ஆடவேண்டாம் என்கிறோம்.

இன்னொன்று உங்கள் மகனுக்கு நேரடியாகப் பொருந்துவது. பெரியவர்களுக்கான உயர்ரகக் காலணிகளின் நுரை, பெரியவர்களின் எடையை மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது. 40, 45 கிலோ பையன் மிதித்தால் அது வேண்டிய அளவுக்கு அமுங்காது. கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். காலுக்கு அது கட்டைதான்.

இப்போது வளைவு. "வளைக்கவே முடியல" என்று அவன் சொன்னதைத்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரியாக எடுத்துக்கொள்கிறேன். நாம் எம்பும்போது பாதம் மடங்குவது விரல்கள் தொடங்கும் இடத்தில். காலணியும் அங்கேதான் மடங்க வேண்டும். முன்பக்கம் விறைப்பாக இருந்தால் உந்துதலில் கொஞ்சம் லாபம் உண்டு என்பது உண்மை. 2000இல் வந்த ஓர் ஆய்வில், அடியை விறைப்பாக்கியபோது விளையாட்டு வீரர்கள் எம்பும் உயரம் சராசரியாக 1.7 சென்டிமீட்டர் கூடியது. கார்பன் தகடு வைத்த காலணிகள் விற்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் அந்த லாபம் சும்மா வருவதில்லை. மடங்காத காலணி பாதத்தின் நெம்புகோலை நீளமாக்கிவிடும். தரையை உந்தக் கெண்டைக்கால் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பு போய்ச் சேரும் இடம்தான் உங்கள் மகனுக்கு நோகிற இடம். வளர்ந்த வீரருக்கு அந்த 1.7 சென்டிமீட்டர் பெரிதாக இருக்கலாம். 13 வயதில் அது தேவையே இல்லை.

அதற்காக எங்கு பிடித்தாலும் மடங்குகிற தொளதொள காலணியும் வேண்டாம். காலணிக் கடைகள் நிறைந்த குவீன்ஸ்வேயிலோ வேறெங்கோ அடுத்த முறை கடைக்குப் போனால், விலைச்சீட்டைப் பார்க்குமுன் காலணியைக் கையில் எடுங்கள். நுனியையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல் மடிப்பில் மடங்கினால் நல்லது. நட்டநடுவில் பாதவளைவுக்குக் கீழே மடிந்தால் வைத்துவிடுங்கள். பிறகு ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் கொடுக்கலாம், முழுதாகத் திருகக்கூடாது. குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவர், கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகாமல் நிற்க வேண்டும். போட்டுப் பார்ப்பது அவன் வேலை: ஆடும்போது அணியும் அதே காலுறையோடு, மாலை நேரத்தில், பாதம் சற்று உப்பியிருக்கும்போது. நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். "வளர்கிற பிள்ளை" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பள்ளிச் சட்டைக்கு அது சரி, ஆட்டக் காலணிக்குக் கூடாது. உள்ளே பாதம் வழுக்கினால் குஷன், வளைவு இரண்டாலும் பயனில்லை.

அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த அண்ணன், மாமா காலணியை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் பாலியூரிதேன் அடிப்பாகம் உபயோகிக்காமலே பொடிந்துபோகும். பாதி ஆட்டத்தில் சோல் கழன்று விழுந்த கதை இங்கே நிறையப் பேரிடம் இருக்கும்.

உங்கள் அண்ணன் சொன்ன 'ஹை கட்' விஷயத்தை 1993லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடிய 622 பேருக்கு உயரமானதும் தாழ்வானதுமாகக் காலணிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். கணுக்கால் பிசகுவதில் வித்தியாசம் தெரியவில்லை. பிசகு அடிக்கடி வருகிற பிள்ளைக்கு உதவுவது கயிறு கட்டும் கணுக்கால் பட்டை. 2011இல் வந்த ஆய்வில் அதை அணிந்த உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களுக்குப் புதுக் கணுக்கால் காயங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. உங்கள் மகனுக்குக் கணுக்கால் பிசகியதாக நீங்கள் எழுதவில்லை. எனவே உயரத்துக்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். அவனுக்குப் பிடித்திருந்தால் போடட்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் மறந்துவிடுவது பள்ளிக் காலணியை. ஆட்டக் காலணி காலில் இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம். தட்டையான, மெல்லிய வெள்ளைக் காலணியில் பிள்ளை காலை ஏழரையிலிருந்து நிற்கிறான், நடக்கிறான், படி ஏறுகிறான். குதிகாலுக்குக் கீழே காலணிக்குள் வைக்கும் குதிகால் அட்டை மருந்துக்கடையில் கிடைக்கும்; ஒரு ஜோடி வாங்கி முதலில் பள்ளிக் காலணியில் வையுங்கள். குதிகால் சற்று உயர்ந்தால் கெண்டைக்காலின் இழுப்பு தளரும். இரண்டு காலிலும் வைக்க வேண்டும். ஆட்டக் காலணியில் வைத்தால் குதிகால் மேலே ஏறி வெளியே நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் மெல்லிய அட்டை போதும். வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நடப்பதையும் வலி இருக்கும் வரை தவிர்க்கட்டும்.

விளையாட்டை நிறுத்த வேண்டுமா என்றால், வேண்டாம், குறைத்தால் போதும். பள்ளிப் பயிற்சி, அதன் மேல் தினமும் காங்கிரீட்டில் ஆட்டம் என்றால் குதிகாலுக்கு ஆறுவதற்கு நாளே இல்லை. சில வாரங்களுக்குத் திடல் ஆட்டத்தை விட்டுவிட்டு மண்டபப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அங்கும் தொடர்ந்து குதிக்கும் பயிற்சிகளைக் குறைக்கும்படி பயிற்றுவிப்பாளரிடம் நீங்களே பேசுங்கள். பையன்கள் அணியில் இடம் போய்விடுமோ என்று வாய் திறக்கமாட்டார்கள். ஆடும்போது நொண்ட ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு சரி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது கூடவே கூடாது. நீச்சலுக்குத் தடையில்லை. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை ஒரு காலுக்கு 30 விநாடி, மூன்று தடவை, தினமும் செய்யட்டும். முட்டியை நேராக வைத்து ஒரு சுற்று, லேசாக மடக்கி ஒரு சுற்று. இழுப்பு தெரியலாம், வலிக்கக்கூடாது.

இப்படிச் செய்தும் நான்கு முதல் ஆறு வாரத்தில் தேறவில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், வீக்கம், சிவப்பு, காலை ஊன்றவே முடியாமை இவற்றில் எது வந்தாலும் அந்த ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்த வழியில் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். போகும்போது பழைய காலணி, புதியது, பள்ளிக் காலணி மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் மடிந்திருக்கிறது என்பதை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.