லீ-என்ஃபீல்டில் டிரிகரை அழுத்தினால் போல்ட் வராது

கேள்வி: தாத்தா வைத்திருந்த .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் இப்போது என் பெயரில் லைசென்ஸ் ஆகியிருக்கிறது. சுத்தம் செய்யப் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி, குழலின் பின்பக்கத்தைப் பூட்டும் உருளைத் தண்டு) கழற்ற வேண்டும். கிளப்பில் நண்பரின் .22 ரைஃபிளில் டிரிகரை அழுத்திக்கொண்டு இழுத்தால் போல்ட் கையோடு வந்துவிடுகிறது. என்னுடையதில் அப்படி வரவில்லை. பலமாக இழுக்கலாமா?

பதில்: வேண்டாம். போல்ட் ரைஃபிள் எதுவானாலும், போல்ட் பின்பக்கம் கழன்று விழாமல் ஏதோ ஒன்று அதைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பலமே தேவையில்லை. உங்கள் நண்பருடையது சிஇசட் 452 போன்ற ரகமாக இருக்க வேண்டும். அதில் டிரிகரை அழுத்தினால் தடை கீழே இறங்கிவிடும். 1891-ல் வந்த ரஷ்ய மோசின்-நகாந்திலும் இதே வழிதான். உங்களுடையது இந்திய ஆர்டினன்ஸ் தொழிற்சாலைத் தயாரிப்பு, லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் வழியில் வந்தது. இதில் தடையே போல்ட்டின் தலைதான்.

முதலில் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வையுங்கள். குழலைச் சுவர் பக்கம் திருப்பி, மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டைத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த துப்பாக்கி என்றால் இதை இரண்டு முறை செய்யச் சொல்வேன்.

இடப்பக்கம் இருக்கும் சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டு) முன்னால் தள்ளினால்தான் போல்ட் திறக்கும். கைப்பிடியைத் தூக்கி, போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுங்கள். இப்போது ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) வலப்பக்க விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் போல்ட் தலையைக் கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தித் தூக்குங்கள். அங்கே ஒரு சின்ன ஸ்பிரிங் அதைப் பிடித்திருக்கும், அதனால் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். 'டக்' என்று விடுபட்டுத் தலை மேலே திரும்பியதும் போல்ட்டைப் பின்னால் உருவிவிடலாம். திரும்பப் போடும்போது தலையை அதே மாதிரி மேலே திருப்பி வைத்து உள்ளே செலுத்தி, பிறகு கீழே அழுத்தி விளிம்பில் உட்கார வையுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 ரகம் பார்க்க இதைப் போலவே இருந்தாலும், அதில் தலையை விடுவிக்க ரிசீவரின் வலப்புறம் ஒரு தனிப் பிடி உண்டு. அதைக் கீழே அழுத்திக்கொண்டு போல்ட்டை முழுக்க இழுத்து, பிறகு தலையை மேலே திருப்ப வேண்டும்.

மவுசர் 98 வேறு குடும்பம். ரிசீவரின் இடப்புறம் பின்னால் இருக்கும் தடையை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் போல்ட் வந்துவிடும். கொடி போன்ற சேஃப்டியை நேராக மேலே நிறுத்திவிட்டுச் செய்தால் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) இழுபட்ட நிலையிலேயே நிற்கும். அது தற்செயலாக முன்னால் போய்விட்டால் போல்ட் திரும்ப உள்ளே போகாது, பழகாதவர்கள் தவித்துப்போவார்கள். ரெமிங்டன் 700-ல் டிரிகருக்கு நேர் முன்னால் ஒரு சிறு தகடு இருக்கும், அதை மேலே அழுத்த வேண்டும். வின்செஸ்டர் 70-ல் இடப்புறம் பின்னால் பாருங்கள்.

இன்னொன்றை உங்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். போல்ட் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது. லீ-என்ஃபீல்டு வகையில் போல்ட் கைப்பிடியின் பின்புறமும் ரிசீவரிலும் எண் பொறித்திருப்பார்கள். உங்கள் துப்பாக்கியில் அப்படி இருந்தால் இரண்டும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். இரண்டு ரைஃபிள்களை ஒரே மேசையில் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். போல்ட் மாறிவிட்டால் தோட்டாவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடைவெளி மாறும். சுடும்போது தோட்டா உறையே கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம். எண் ஒத்துப்போகவில்லை என்றாலோ, போல்ட் தலை தளர்ந்து ஆடினாலோ, லைசென்ஸ் பெற்ற ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அளந்து பார்க்கும்வரை சுடக் கூடாது.

போல்ட்டைக் கழற்றியபின் பின்பக்கத்திலிருந்தே குழலைச் சுத்தம் செய்யுங்கள். முன்வாய் வழியாகக் கம்பியை விட்டால் வாயின் விளிம்பு தேய்ந்து குறி கெடும். எண்ணெய் பூசி வைப்பது நல்லதுதான், ஆனால் சுடப் போகும் முன் தோட்டா அறையையும் போல்ட் முகத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அறையில் எண்ணெய் இருந்தால் உறை சுவரைப் பற்றாமல் வழுக்கும், வெடிப்பின் விசை அதிகமாகப் போல்ட்டின் மேல் விழும்.